மீசையோடு சேர்த்து

என் மீசை அழகுக்காக வைத்தது இல்லை. முளைத்த புதிதில் அந்த எண்ணமும் இருந்திருக்கும். டிராம்போன் ஊதத் தொடங்கிய பிறகு அதுவும் என்னோடு வேலைக்குச் சேர்ந்துவிட்டது. ஊதுகிற முனையில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். மவுத்பீஸ் என்போம். அதன் விளிம்பு மேலுதட்டில் பாதி, கீழுதட்டில் பாதி என்று உட்கார வேண்டும். மேலே உட்காருகிற பாதிக்கு என் மீசைதான் விரிப்பு. முப்பத்தைந்து வருடமாக அந்த விளிம்பு அதே மயிரின் மேல், அதே இடத்தில் அமர்ந்து பழகியிருக்கிறது. மீசையை எடுத்தால் உதட்டுக்கு இடம் தெரியாது, சத்தம் வழுக்கும். இதை ஊதாதவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். என் மனைவி மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. அதனால்தான் இந்தக் கதையே வந்தது.

என் அப்பா, நைனா என்போம், அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டியவர். அண்ணன் இப்போதும் அங்கேதான் பவர்லூம் வைத்திருக்கிறான். எனக்குத் தறி வரவில்லை. கை நீளம், உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத உடம்பு. திருத்தணியில் கல்யாண பேண்டு செட் வைத்திருந்தவர் ஒருநாள் என் கையைத்தான் பார்த்தார். டிராம்போனுக்கு விரலை விட முழங்கைதான் முக்கியம், நீட்டி இழுத்துத்தான் சுரம் பிடிக்க வேண்டும். சிவப்புக் கோட்டும் தோளில் தங்கக் குஞ்சமும் மாட்டி, முதல் வரிசையில் நிற்க வைத்தார். எனக்கு ஏதோ மரியாதை கொடுக்கிறார் என்று பூரித்துப்போனேன். பின்வரிசையில் விட்டால் நீட்டுகிற குழாய், ஸ்லைடு, முன்னால் போகிறவன் முதுகில் இடிக்கும் என்பதுதான் காரணம் என்று மூன்று கல்யாணம் கழித்துத் தெரிந்தது. முதல் வரிசையிலும் நான் ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன் தலைப்பாகையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

ஜாஸ் எனக்கு வந்தது ஒரு கேசட்டில். சென்னையில் ரெக்கார்டிங்குக்கு ஆள் குறைந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். அங்கே சாக்ஸபோன் வாசித்த ஒருவர், இதைக் கேள் என்று கொடுத்தார். முதல் தடவை கேட்டபோது எல்லாரும் தப்பாக வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை, தெரிந்தே தப்பாக வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். பத்தாம் தடவைக்குள் எனக்குக் கல்யாண ஊர்வலம் கசந்துவிட்டது. என் வாத்தியம் அதில் சிரித்தது, கேலி செய்தது, வாய்ச்சண்டை போட்டது. நானோ அதை வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் பத்தொன்பது வருடம் கடற்கரையோர ஓட்டல் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வாசித்தேன். காலை ரயிலில் திருத்தணியில் ஏறினால் பதினோரு மணிக்குள் போய்விடலாம். பெட்டியைப் பார்த்து உள்ளே துப்பாக்கியா என்று கேட்காத ரயில்வே போலீஸ்காரர் இல்லை. ஓட்டலில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கரண்டியும் தட்டும் மோதுகிற சத்தத்துக்கு நடுவில் நாங்கள் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்வோம். எனக்கு அதில் குறை இருந்ததில்லை. பிடித்ததை வாசித்தேன், வீட்டுக்கு வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தது.

அந்த ஆள் என் மனைவி. அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே பாவா, அதாவது அத்தான், என்றுதான் கூப்பிடுவாள். ஜாக்கெட் தைப்பது அவள் வேலை. நான் காலையில் பயிற்சி செய்யும்போது அவள் தையல் மிஷினில் உட்காருவாள். கால் மிதிக்கும், காது என்னிடம் இருக்கும். முடித்ததும் தீர்ப்பு வரும். இன்றைக்கு மூன்றாவது வரி சரியில்லை, அவசரப்பட்டாய் என்பாள். சங்கீதம் படித்தவள் இல்லை, ஆனாலும் அவள் சொன்ன இடத்தில்தான் தப்பு இருக்கும். ஜாஸைப் பற்றி முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? "சண்ட போட்டுகினு இருந்தவங்க சாப்பாட்டுக்கு ஒண்ணா உக்காந்தா மாரி இருக்குது." எங்கள் குழுவில் அதைச் சொன்னேன். பாஸ் கிடார் வாசிப்பவர் எழுந்து நின்று கைதட்டினார்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் காபி குடிக்கும்போது இடது வாயோரமாக ஒழுகியது. துடைத்தேன், மறுபடியும் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் பாதி தூங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் முகவாதம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். பெரும்பாலும் என்ற சொல்லை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் வெறுத்ததில்லை. கன்னத்துக்குப் பயிற்சி என்று ஒரு பலூனைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். என்னால் ஊத முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து, பொறுக்க முடியாமல் பெட்டியைத் திறந்தேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். மவுத்பீஸை வைத்து ஊதினேன். காற்று இடது பக்கம் வழியாகப் போய்விட்டது. குழலுக்குள் போன கொஞ்சமும் காற்றாகவே வெளியே வந்தது. சத்தம் இல்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை ஊதவில்லை, பெட்டியில் வைத்து மூடினேன். அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு முருகன் மலைக்குப் போனாள்.

திரும்பி வந்து சொன்னாள். முகம் நேரானால் நான் மொட்டை போடுவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டாளாம். போட்டால் போயிற்று, தலையில் என்ன பெரிதாக இருக்கிறது என்றேன். "மீசையோட சேத்து வேண்டிகினேன்" என்றாள்.

வேறு யாராவது வேண்டியிருந்தால் தலைமுடியோடு விட்டிருப்பார்கள். இவளுக்கு என் மீசையின் மதிப்பு தெரியும். உயர்ந்ததைக் கொடுத்தால்தான் உயர்ந்தது கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. சத்தமே வராதவனுக்கு மீசை எதற்கு?

நாலு மாதத்தில் முகம் நேராகிவிட்டது. ஆறாம் மாதம் ஓட்டலுக்குத் திரும்பினேன். அப்போதுதான் மீசையின் அருமை எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. புதிதாகச் சரியான உதடு, இப்போது போய் அதைக் குழப்ப வேண்டாம், கொஞ்சம் திடப்படட்டும் என்றேன். நியாயம்தான் என்றாள். பிறகு ஒரு ரெக்கார்டிங் வந்தது. பிறகு ஒரு பண்டிகைச் சீசன். பிறகு ஆடிக் கிருத்திகைக் கூட்டம், அந்த நெரிசலில் எவன் மொட்டை போடுவான் என்றேன்.

இது திருத்தணிக்காரர்களுக்கே உரிய வியாதி. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வேன் பிடித்து, குடும்பத்தோடு வந்து, மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு சாயங்காலத்துக்குள் கடனை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மலையடியில் இருக்கிற எங்களுக்கு முருகன் பக்கத்து வீட்டுக்காரன். எங்கே போய்விடப் போகிறான், நாளைக்குக் கொடுத்தால் ஆகாதா என்று தோன்றும். நான் படியேறும்போதெல்லாம், வந்துவிடுகிறேன் என்று கடைக்காரருக்குச் சொல்வது போல அவனுக்கு ஒரு தலையசைப்பு கொடுத்துவிட்டு வருவேன். எட்டு வருடம் அப்படி ஓடிவிட்டது.

அந்த எட்டு வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. நான் பெட்டியைத் திறக்கப் போகிறேன் என்றால் அவள் கிளம்பிவிடுவாள். காலை நடை என்பாள், மலைப்படி ஏறினால் சர்க்கரை வராது என்பாள். ஒரு மணி நேரம் கழித்து, நான் முடித்த பிறகு வந்து, என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு மிஷினில் உட்காருவாள். தீர்ப்பு நின்றுபோனது. ஓட்டலுக்கு ஒருமுறை கூப்பிட்டேன், தலைவலி என்றாள். இன்னொரு முறை அவசரத் தையல். நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்: அவளுக்கு அலுத்துவிட்டது. கல்யாணப் பாட்டு வாசித்த காலத்தில் பிடித்திருந்தது, இது பிடிக்கவில்லை, சொல்ல மனம் வராமல் ஒதுங்கிப்போகிறாள். எனக்கு ரோஷம் அதிகம். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயமும் இருந்தது.

மற்றபடி நாங்கள் நன்றாகவே இருந்தோம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாப்பாடு, சிரிப்பு, ஊர்வம்பு எதற்கும் குறைவில்லை. என் வாத்தியம் மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் பேசப்படாத ஒரு உறவினராகிவிட்டது.

போன வருடம் எங்கள் குழுவுக்குச் சென்னையில் ஓர் அரங்கில் கச்சேரி அமைந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு. நாற்காலியில் உட்கார்ந்து, வேறு வேலை இல்லாமல், கேட்பதற்கென்றே வருகிறவர்கள். அதில் நான் அமைத்த மெட்டு ஒன்றை வாசிப்பதாக முடிவாயிற்று. அண்ணனின் தறிக் கொட்டகையில் கேட்டுக் கேட்டு உடம்பில் ஊறிய தாளத்தின் மேல் கட்டியது. நடுவில் டிராம்போன் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் நீளமாக உண்டு. ஐம்பத்து நாலு வயதில் முதல்முறையாக, கரண்டிச் சத்தம் இல்லாத ஓர் அறையில் என் சொந்தச் சரக்கு. மூன்றாவது வரிசையில் அவளுக்கு ஓர் இருக்கை கேட்டு வாங்கினேன்.

நுழைவுச் சீட்டை நீட்டியபோது கையில் வாங்கிப் பார்த்தாள், தடவிக்கூடப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள். "நீ போய்ட்டு வா பாவா. எனக்கு வேல கெடக்குது."

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. 

இரண்டு நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் கே.ஜி.கண்டிகையில் இறங்கினேன். அங்கே பஸ் நிற்கிற இடத்தில் என் மனைவியின் அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். என்னை விட இரண்டு வயது மூத்தவர், வாய்க்குப் பூட்டுக் கிடையாது. முகத்தைப் பார்த்ததும் என்ன என்றார். உன் தங்கைக்கு என் வாசிப்பு பிடிக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான் என்றேன். குரலில் கொஞ்சம் பரிதாபத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "பிடிக்காமலா? ஏன் தம்பி, உனக்குத் தெரியாதா? வேண்டிகின அன்னிக்கே, நீ மொட்ட போடற வரிக்கும் உன் குழல் சத்தம் கேக்க மாட்டேன்னு மலையில சொல்லிட்டு வந்துட்டா. அவளுக்கு அதானே ரொம்பப் பிடிக்கும், அதான் அத விட்டா. நீ ஊதறதுக்குள்ள அம்பது படி ஏறிடணும், அதுக்கு மேல கேக்காதுன்னு எண்ணி வெச்சிகினு இருக்கறா."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவளுக்காக மீசையை எடுத்தால் அது அவளுக்குக் கொடுத்ததாகிவிடும், சாமிக்குக் கொடுத்ததாகாது என்று நினைக்கிறாளாம். நானாகக் கொடுக்க வேண்டுமாம். யாரிடமும் சொல்லாதே என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எட்டு வருடம் அக்கா அதைக் காப்பாற்றியதே ஆச்சரியம். அந்த டீ ஆறிப்போயிற்று. அவமானமாக இருந்தது. அதை விட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு அலுக்கவில்லை. எட்டு வருடம் நான் உள்ளுக்குள் முறைத்துக்கொண்டிருந்தது வீண், ஆனால் அலுக்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். கச்சேரிக்குப் பத்து நாள் இருந்தது. மீசையோடு போனால் நன்றாக வாசிப்பேன், அவள் இருக்க மாட்டாள். மீசையை எடுத்தால் அவள் இருப்பாள், வாசிப்பு என்ன ஆகும் என்று தெரியாது. உதடு பழக இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். கச்சேரி முடிந்த மறுநாள் கொடுத்துவிடலாமே என்று மனம் மெதுவாகச் சொன்னது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். எட்டு வருடமாக அதுதான் பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது நானும் கிளம்பினேன். இன்றைக்கு ஊதவில்லையா என்று கேட்டாள். மலைக்குப் போக வேண்டும், கொடுக்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்றேன். அக்கா சொன்னதை நான் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது. அப்போது அவளே சொன்னாள், கச்சேரி முடியட்டும், அவன் பொறுத்துக்கொள்வான் என்று. நான் படியேறத் தொடங்கிவிட்டேன். ஐம்பதாவது படி எது என்று எண்ணிக்கொண்டே போனேன். அந்தப் படியில் யாரோ கற்பூரம் ஏற்றிய பழைய கறை இருந்தது. அவள் அதைப் பார்க்காதவள் போலத் தாண்டிப் போனாள்.

முடி இறக்கும் மண்டபத்தில் நாவிதர் தலையை முடித்துவிட்டு, மீசைக்குக் கத்தி வைக்கும் முன் ஒருமுறை கேட்டார். வயதானவர்கள் சிலர் மீசையை விட்டுவிடச் சொல்வார்களாம். "எடுத்துடுங்க" என்றேன். நாலு இழுப்பில் முப்பத்தைந்து வருடம் தரையில் விழுந்தது. காற்று பட்டு மேலுதடு குளிர்ந்தது. அவள் சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுக்கப் பூசினாள். பூசும்போது ஒரே சிரிப்பு. மீசை இல்லாமல் நான் என் அம்மாவைப் போலவே இருக்கிறேனாம். மாமியார் தலையில் சந்தனம் பூசுகிற பாக்கியம் எந்த மருமகளுக்குக் கிடைக்கும் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுக்கச் சொன்னாள். மாட்டேன் என்றேன். எட்டு வருடம் காத்திருந்தவளுக்கு முதல் சத்தமே கோளாறாகக் கேட்கக் கூடாது. இன்னும் ஒன்பது நாள் பொறு, அரங்கில் நல்லதாகக் கேள் என்று கெஞ்சினேன். ஆங், சரி என்றாள். தினமும் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மையார்குப்பம் பஸ் ஏறினேன். தறிக் கொட்டகையில் எட்டுத் தறி ஓடும்போது யார் எப்படி ஊதினாலும் யாருக்கும் கேட்காது. எனக்கே பாதிதான் கேட்டது. உதடு வழுக்கியது, மேல் சுரங்கள் கிட்டவே வரவில்லை. ஏழாம் நாள் கொஞ்சம் பிடிபட்டது. உச்சியில் ஒரு சுரம் மட்டும் இரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் வந்தது. அண்ணன் தறியை நிறுத்தாமலே, சைகையில், அதை விட்டுவிடேன் என்றான். விட எனக்கு மனமில்லை.

கச்சேரியில் என்னைப் பார்த்து என் ஆட்களுக்கே அடையாளம் தெரியவில்லை. மொட்டையில் விளக்கு பட்டுப் பளபளக்கிறது, குறிப்புத்தாள் படிக்க நல்ல வெளிச்சம் என்று டிரம்ஸ்காரர் சொன்னார். மூன்றாவது வரிசையில் அவள் தானே தைத்த பச்சை ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு தொடங்கியதும் அவள் கால் மிஷினை மிதிப்பது போல ஆடியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் ஊத முடியாது.

என் மெட்டு வந்தது. தனியாக வாசிக்கிற இடத்தில் பாதி தூரம் நன்றாகப் போனேன். பிறகு அந்த உச்சிச் சுரம். ஸ்லைடை உள்ளே இழுத்து, மூச்சைக் கொடுத்தேன். உதடு வழுக்கியது. சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. அத்தனை அமைதியான அரங்கில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு கணம் எனக்குக் காபி ஒழுகிய காலை ஞாபகம் வந்தது. மறு மூச்சில் கீழ்ச் சுரத்தைப் பிடித்து, அங்கிருந்து ஏறி, முடித்தேன். கைதட்டினார்கள், நிறையவே தட்டினார்கள். குழுவில் எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கு அந்தக் காற்று மட்டும்தான் காதில் இருந்தது.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் அவளுக்குக் கொடுத்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அரக்கோணத்தில் நின்றுவிட்டு வண்டி கிளம்பியதும், நடுவில் ஓர் இடத்தில் சத்தம் வராமல் காற்று வந்ததே என்று கேட்டாள். எதிர்பார்த்ததுதான், எட்டு வருடம் கழித்து முதல் தீர்ப்பு. மீசை, விளிம்பு, இன்னும் இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று நான் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் கடைசியா கேட்டது அதான் பாவா. அன்னிக்கு ஊட்டுல ஊதனியே, வெறும் காத்து. எட்டு வருசமா என் காதுல அது மட்டுந்தான் இருந்துச்சு. இன்னிக்கு மறுபடி அது வந்ததும், மூஞ்சி திரும்பக் கோணிகிச்சோன்னு நெனச்சிட்டேன்." மடியில் இருந்த பெட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் சத்தம் வந்துச்சு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரில் இருந்தவர் மொட்டையைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து இரக்கத்தோடு நகர்ந்து உட்கார்ந்தார்.  திருத்தணியில் இறங்கும்போது பெட்டியை என்னிடம் கொடுக்க மறுத்து அவளே தூக்கி வந்தாள்.

மறுநாள் காலை நான் பெட்டியைத் திறந்தபோது அவள் மலைக்குக் கிளம்பவில்லை. மிஷினில் நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.